ஏழு நிமிடம், மூன்று விளக்குகள்: பேச்சு மன்றக் கேள்வி பதில்

பேச்சு மன்றம் தொடங்குவது பற்றியும் கூட்டம் நடத்துவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எங்கள் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மன்றத்தில் மேடையேறிப் பேசுகிறவர் கற்றுக்கொள்ளும் அளவுக்கு, உட்கார்ந்து கேட்டு, குறித்து, நேரம் பார்த்து, மதிப்பிடுகிறவரும் கற்றுக்கொள்கிறார். அந்த வேலைகள் அரைகுறையாக நடக்கும் இடத்தில் மேடை கிடைக்கும், பயிற்சி கிடைக்காது.

நாங்க பன்னிரண்டு பேர் சேர்ந்து ஊரில் ஒரு பேச்சு மன்றம் ஆரம்பிக்கலாம்னு இருக்கறோமுங்க. கோயம்புத்தூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற உலகளாவிய பேச்சுப் பயிற்சி அமைப்பின் கூட்டம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். யார் எப்போது எழுந்து என்ன செய்கிறார்கள் என்பது பாதிதான் பிடிபட்டது. முழு ஒழுங்கையும் சொல்ல முடியுமா?
*– வாசகர், கோபிசெட்டிபாளையம்*

காலை 10 முதல் 12 வரை, இரண்டு மணி நேரக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். அரங்கப் பொறுப்பாளர் 9.30 மணிக்கே வந்து நாற்காலிகளைப் 'ப' வடிவில் போட்டு, பேச்சு மேசையைத் திறந்த பக்கத்தில் வைத்து, மைக்கைச் சோதித்துவிட வேண்டும். மின்விசிறிகள் எல்லாம் ஓடும்போது கடைசி நாற்காலிக்குக் குரல் எட்டுகிறதா என்று யாரையாவது பேசவைத்துப் பாருங்கள். வாசலில் ஒருவர் நின்று விருந்தினர் பெயரை எழுதிக்கொள்ளட்டும். "திடீர்ப் பேச்சுக்குக் கூப்பிட்டா வருவீங்களா?" என்று அங்கேயே கேட்டு வைத்தால் பிறகு சங்கடம் இல்லை. திடீர்ப் பேச்சு என்பது மேடையில் கேட்கும் கேள்விக்குத் தயாரிப்பில்லாமல் அப்போதே பேசுவது.

10 மணிக்கு மன்றத் தலைவர் தொடங்கிவைக்கிறார். எத்தனை பேர் வந்திருந்தாலும் தொடங்கிவிடுங்கள். 'இன்னும் நாலு பேர் வரட்டும்' என்று காத்திருந்தால், இன்று நேரத்துக்கு வந்தவர்களும் அடுத்த முறை தாமதமாகத்தான் வருவார்கள். ஐந்து நிமிடத்தில் அவர் அன்றைய நெறியாளரிடம் மேடையை ஒப்படைக்கிறார். நெறியாளர் பொது மதிப்பீட்டாளரை அழைக்க, அவர் தன் குழுவை அறிமுகம் செய்கிறார்: நேரம் பார்த்து வண்ண விளக்கால் பேச்சாளருக்குக் காட்டும் டைமர், மொழியைக் கவனிப்பவர், பேச்சில் வரும் 'ஆ', 'ம்ம்' போன்ற இழுவைகளைக் கணக்கிடும் 'ஆ' எண்ணுபவர். ஒவ்வொருவரும் தன் வேலை என்ன என்பதை ஒரு நிமிடத்துக்குள் சொல்கிறார்கள். பழகியவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம். விருந்தினருக்கு இந்த விளக்கம்தான் கூட்டத்தின் திறவுகோல். மொழியைக் கவனிப்பவர் அன்றைய சொல் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவார். பேசுகிறவர்கள் அதை எங்காவது பொருத்தமாகப் பயன்படுத்த முயல வேண்டும்.

10.15 முதல் 10.45 வரை தயாரித்த பேச்சு மூன்று. ஏழு நிமிடப் பேச்சு, அறிமுகத்துக்கு ஒரு நிமிடம், பேசி முடித்ததும் அவையோர் கருத்துச் சீட்டு எழுத ஒரு நிமிட அமைதி, மாறிக்கொள்ளும் நேரம் என்று ஒரு பேச்சுக்குப் பத்து நிமிடம் ஆகும். 10.45 முதல் 11.10 வரை திடீர்ப் பேச்சு. ஏழு பேர் வரை பேசலாம். பத்து நிமிடம் தேநீர். 11.20க்குப் பேச்சுக்கு ஒன்றாக மூன்று மதிப்பீடுகள், 11.35க்கு டைமர், மொழி, 'ஆ' அறிக்கைகள். 11.45க்குப் பொது மதிப்பீட்டாளர் கூட்டம் முழுவதையும் பற்றிப் பேசுகிறார்: நேரத்துக்குத் தொடங்கியதா, அறிமுகங்கள் எப்படி இருந்தன, மதிப்பீட்டாளர்கள் சரியாக மதிப்பிட்டார்களா. கடைசி எட்டு நிமிடத்தில் அன்று சிறப்பாகப் பேசியவர்களுக்கு அவையோர் போட்ட வாக்கின் முடிவு, விருந்தினர் கருத்து, அடுத்த கூட்டத்துக்கான பொறுப்புகள்.

எல்லாப் பொறுப்புக்கும் ஆள் வைத்தால் தலைவரோடு சேர்த்து 13 பேர் வேண்டும். நீங்கள் 12 பேர் என்பதால் மூன்று பேச்சுக்கு ஆசைப்பட வேண்டாம். பேச்சாளர் இரண்டு, மதிப்பீட்டாளர் இரண்டு, நெறியாளர், திடீர்ப் பேச்சு நடத்துபவர், பொது மதிப்பீட்டாளர், டைமர், மொழியையும் 'ஆ'வையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் என்று ஒன்பது பேர் போதும். தொடங்கிவைக்கும் வேலையை நெறியாளரே செய்யலாம். மீதி மூவரும் அன்று திடீர்ப் பேச்சுக்கு எழுந்திருக்கட்டும். இப்படி வைத்தால் வந்த ஒருவர்கூட வாய் திறக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். ஒன்றரை மணி நேரத்தில் கூட்டமும் முடிந்துவிடும்.

இன்னொரு பழக்கத்தை முதல் நாளிலேயே கொண்டுவந்துவிடுங்கள். மேடை ஒருபோதும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது. அழைத்தவர் அங்கேயே நின்று, வருகிறவரோடு கைகுலுக்கியோ வணக்கம் சொல்லியோ இடத்தைக் கொடுத்த பிறகுதான் நகர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் அவை பக்கத்து நாற்காலியோடு பேச ஆரம்பித்துவிடும்.

டைமர் வேலைதான் எல்லாவற்றிலும் எளிது என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். முதல் கூட்டத்திலேயே குழம்பிவிட்டேன். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும்?
*– வாசகி, பல்லடம்*

வேலை எளிதுதான், ஆனால் கவனம் ஒரு கணமும் சிதறக் கூடாது. 5 முதல் 7 நிமிடப் பேச்சுக்கு 5இல் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. புது உறுப்பினரின் முதல் பேச்சு 4 முதல் 6 நிமிடம் என்பதால் 4, 5, 6. திடீர்ப் பேச்சுக்கு 1 நிமிடம், 1.30, 2. மதிப்பீட்டுக்கு 2, 2.30, 3. பேச்சுக்கும் மதிப்பீட்டுக்கும் இரு பக்கமும் 30 விநாடி சலுகை உண்டு. அதாவது ஏழு நிமிடப் பேச்சு 4.30க்குக் குறைந்தாலோ 7.30ஐத் தாண்டினாலோ அன்றைய வாக்கெடுப்பில் சேராது. மதிப்பீட்டுக்கு 1.30 முதல் 3.30 வரை. திடீர்ப் பேச்சுக்கு மட்டும் கீழ்ப்பக்கம் சலுகை இல்லை: முழு ஒரு நிமிடமாவது பேச வேண்டும், மேலே 2.30 வரை போகலாம்.

பேச்சாளர் வாய் திறந்த கணத்தில் கடிகாரத்தை ஓடவிடுங்கள். வாய் திறக்கும் முன்பே கையசைத்தோ நடித்துக் காட்டியோ தொடங்கினால் அந்த அசைவிலிருந்தே நேரம் ஓடும். அவை சிரித்தாலும் கைதட்டினாலும் நிறுத்தக் கூடாது. ஒரு விளக்கு எரிந்தால் அடுத்தது வரும்வரை அணையக் கூடாது. சிவப்பு பேச்சு முடியும்வரை எரிய வேண்டும். சிலர் அட்டையை ஐந்து விநாடி தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்த ஐந்து விநாடியும் பேச்சாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு எதுவும் தெரியாமலே போய்விடும்.

மின்விளக்கு இருந்தாலும் மூன்று வண்ண அட்டைகளைக் கையோடு வைத்திருங்கள், கரண்ட் போகும் நாளில் உதவும். அட்டையின் மேல் 5, 6, 7 என்று ஓரடி உயர எண்ணையும் எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த அவையிலும் இருக்கக் கூடும். செல்போனில் நேரம் பார்ப்பதாக இருந்தால் அழைப்பு வராதபடி ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பேச்சாளருக்கு நேர் எதிரே கடைசி வரிசையில், தூண் மறைக்காத இடத்தில் உட்காருங்கள். டைமர் தவறுவதற்கு முக்கியக் காரணம், பேச்சு நன்றாக இருப்பதுதான்! கதையில் மூழ்கி 6 நிமிடம் போனதே தெரியாது. நிமிடத்துக்கு ஒருமுறை பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால் அது நடக்காது. அறிக்கையில் பெயரும் நேரமும் மட்டும் போதும்.

பேச்சாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'மேடையில் வீற்றிருக்கும்' என்று ஆரம்பித்து வரிசையாக எல்லோரையும் விளிக்கும் வழக்கம் நம் ஊர் மேடைகளில் ஊறியது. அதற்கே ஒரு நிமிடம் போய்விடும், அதுவும் உங்கள் ஏழு நிமிடக் கணக்கில்தான் சேரும். 'நெறியாளருக்கும் அவையோருக்கும் வணக்கம்' என்பது போதும். முடிவுரை 40 விநாடி வருமாறு மனப்பாடமாக இருக்கட்டும். மஞ்சள் எரியும்போது இன்னும் இரண்டு கருத்து பாக்கி இருந்தால், இரண்டையும் அவசரமாகச் சொல்லாதீர்கள். ஒன்றை முழுதாக விட்டுவிட்டு முடிவுரைக்குப் போங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்பது அவைக்குத் தெரியப்போவதில்லை.

திடீர்ப் பேச்சுப் பகுதியை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். என்ன மாதிரிக் கேள்விகள் கேட்பது? போன முறை நடத்தியவர் கேட்டதற்கு எல்லோரும் ஒரு வரியில் பதில் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள்.
*– வாசகர், ஈரோடு*

ஒரு வரியில் பதில் வருவதற்குக் கேள்விதான் காரணம். 'காளிங்கராயன் வாய்க்கால் எந்த நூற்றாண்டில் வெட்டப்பட்டது?' என்று கேட்டால் தெரிந்தவர் ஒரு சொல்லில் முடிப்பார், தெரியாதவர் தலைகுனிவார். 'காளிங்கராயன் வாய்க்கால் இன்று உங்களோடு பேசினால் முதலில் என்ன கேட்கும்?' என்றால் யாரும் இரண்டு நிமிடம் பேசலாம். 'ஊர்ச் சந்தையில் ஒரு கடை போட இடம் கிடைத்தால் என்ன கடை, ஏன்?', 'தறிச் சத்தம் நின்றுபோன ஒரு தெருவை வெளியூர்க்காரருக்கு விவரியுங்கள்', 'மஞ்சள் மண்டியில் ஒரு நாள் முழுக்க நின்றால் என்ன கற்றுக்கொள்ளலாம்?' இப்படி, படிப்பும் தகவலும் தேவைப்படாத, ஆனால் பார்த்ததைச் சொல்லத் தூண்டும் கேள்விகளாக எழுதுங்கள். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைத் தவிருங்கள். சாதி, கட்சி, மதம் பற்றிய கேள்வி கூடவே கூடாது. பேச்சுப் பயிற்சிக்கு வந்தவரை ஒரு பக்கம் சேரச் சொல்வதாக ஆகிவிடும்.

கேள்வி 20 விநாடிக்கு மேல் நீளக் கூடாது. முதலில் கேள்வியைச் சொல்லுங்கள், ஐந்து விநாடி விடுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் அந்த ஒருவர் பதறுவார், மற்றவர்கள் கேள்வியையே கேட்க மாட்டார்கள். பெயர் கடைசியில் வந்தால் அவை முழுவதும் அந்த ஐந்து விநாடியும் பதில் தேடும். அன்று வேறு பொறுப்பு இல்லாதவர்களை முதலில் கூப்பிடுங்கள். பத்துக் கேள்வி தயாராக இருக்கட்டும், ஏழுதான் தேவைப்படும்.

ஒருவர் பேசி முடித்ததும் நடத்துபவரே அதன்மேல் ஒரு நிமிடம் கருத்துச் சொல்வது பரவலான குறை. ஏழு பேருக்கு ஏழு நிமிடம் அதில் போகிறது, இரண்டு பேருடைய வாய்ப்பு பறிபோகிறது. நன்றி சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

பதில் சொல்கிறவர் ஒரு நிலைப்பாடு, அதற்கு ஒரு காரணம், கண்ணால் கண்ட ஒரு காட்சி, மறுபடி நிலைப்பாடு என்று போனால் ஒன்றரை நிமிடம் தானாக வரும். ஒன்றுமே தோன்றாவிட்டால் கேள்வியைத் தன் சொற்களில் நிதானமாகத் திரும்பச் சொல்லட்டும். அந்தப் பத்து விநாடியில் ஏதாவது ஒரு நுனி கிடைத்துவிடும்.

எங்கள் மன்றத்தில் என்னை மதிப்பீட்டாளராகப் போட்டிருக்கிறார்கள். பேசப்போகிறவர் என் தந்தை வயதுள்ளவர், ஊரில் எல்லோரும் ஐயா என்று கூப்பிடுபவர். அவர் பேச்சில் குறை சொல்வது எப்படி? மனம் நோகாதா?
*– வாசகி, பொள்ளாச்சி*

இந்தக் கேள்விக்குத்தான் எங்களிடம் நீண்ட பதில் இருக்கிறது. மன்றத்தின் உயிர் மதிப்பீட்டில் இருக்கிறது. மற்ற மேடைகளில் பேசி இறங்கினால் கைதட்டல் கிடைக்கும், அல்லது கிடைக்காது. எது ஏன் எடுபட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்லவே நீங்கள் எழுந்திருக்கிறீர்கள்.

வேலை கூட்டத்துக்கு முன்பே தொடங்குகிறது. இரண்டு நாள் முன்னதாக அவருக்குப் போன் செய்து, "ஐயா, இந்தப் பேச்சுல எதை முக்கியமாப் பயிற்சி பண்றீங்க? நான் எதைக் கவனிக்கட்டுங்க?" என்று கேளுங்கள். கை அசைவைக் கவனிக்கச் சொல்லியிருப்பார். அப்படியென்றால் அதைப் பற்றி நீங்கள் பேசியே ஆக வேண்டும். கேட்டுக்கொண்ட விஷயத்தைச் சொன்னால் வயது வித்தியாசம் பாதி கரைந்துவிடும், ஏனென்றால் அது அவரே விரும்பிய உதவி.

பேச்சின்போது தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பார்த்தது, கேட்டது. வலப்பக்கம் அது உங்களுக்குள் என்ன செய்தது. 'கதையின்போது மேசையை விட்டு முன்னால் வந்தார்' என்று இடப்பக்கம் எழுதினால், 'நானும் அங்கே நிற்பதுபோல் இருந்தது' என்று வலப்பக்கம் வரும். வலப்பக்கம் எதுவும் எழுதத் தோன்றாத குறிப்பை மேடையில் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தால் பேச்சாளரின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்துக் குறிப்புக்கு மேல் தேவையில்லை.

மேடையில் மூன்று நிமிடம்தான். அதில் பத்தையும் சொல்ல முடியாது. நன்றாக இருந்தவை இரண்டு, மாற்றிக்கொண்டால் நன்றாகும் என்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றவற்றைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். மாற்றச் சொல்வதை நடுவில் வைத்து, எப்படி மாற்றுவது என்பதைச் செய்து காட்டுங்கள். 'எண்கள் அதிகமாக இருந்தன' என்று சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை. 'பவானிசாகர் அணை பற்றி ஐயா ஐந்து எண்களை அடுத்தடுத்துச் சொன்னபோது எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஒரே எண்ணைச் சொல்லி, மூன்று விநாடி நிறுத்தி, பிறகு தொடர்ந்தால் நிற்கும் என்று நினைக்கிறேன், இதோ இப்படி' என்று சொல்லி அந்த மூன்று விநாடி அமைதியை நீங்களே விட்டுக் காட்டுங்கள். 'எனக்கு' என்ற சொல் இங்கே முக்கியம். நீங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை, ஒரு கேட்பவராக உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்கிறீர்கள். அதை யாரும் மறுக்கவும் முடியாது, அதனால் நோகவும் வேண்டியதில்லை.

'ஐயா', 'அவர்கள்', 'ங்க' எல்லாம் அப்படியே இருக்கட்டும். மரியாதைச் சொல்லைக் குறைக்க வேண்டியதில்லை, கருத்தைத்தான் குறைக்கக் கூடாது. பெரியவர் என்பதற்காக 'அருமை, அற்புதம், நான் சொல்ல என்ன இருக்கிறது' என்று முடித்துவிட்டால், கூட்டத்துக்குத் தயாராகி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிறீர்கள். மன்றங்களில் மதிப்பீடு கெடுவது பெரும்பாலும் இந்தப் பூச்சினால்தான், கடுமையினால் அல்ல.

வேறு விதத்திலும் கெடும். பேச்சின் சுருக்கத்தையே திரும்பச் சொல்லி இரண்டு நிமிடத்தை ஓட்டுவது ஒன்று. பேச்சாளரின் கருத்தோடு வாதிடுவது இன்னொன்று. அணையைப் பற்றி உங்களுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம், அதைத் தேநீர் வேளையில் பேசிக்கொள்ளுங்கள். உடம்பு, நிறம், உடை பற்றிப் பேசவே கூடாது, குறிப்பாகப் பெண்கள் பேசும்போது. 'பதற்றமாக இருந்தீர்கள்' என்பதும் உதவாது. பதற்றம் உள்ளே இருப்பது, உங்களுக்குத் தெரியாது. 'கை பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தது' என்பது கண்ணால் பார்த்தது, அதைச் சொல்லலாம்.

இரண்டு பழக்கங்கள் மதிப்பீட்டைக் கூர்மையாக்கும். ஒன்று, அவையோர் எல்லோரும் எழுதும் கருத்துச் சீட்டு. நன்றாக இருந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, கீழே பெயர். உங்கள் கருத்து மற்ற பத்துப் பேர் சீட்டிலும் இருக்கிறதா என்று பேச்சாளரிடம் பிறகு கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, மன்றத்துக்கு வெளியே கேட்பது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் மாலைதோறும் சொற்பொழிவு இருக்கும். தாளும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து, பேச்சாளர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார், அவை எப்போது செல்போனை எடுத்தது என்று குறித்துப் பாருங்கள். அதைப் போன்ற பயிற்சி வேறில்லை.

'ஆ' எண்ணும் பொறுப்பில் எதையெல்லாம் எண்ண வேண்டும்? எங்கள் மன்றத்தில் ஒருவர், பேச்சில் வந்த 'ங்க' எல்லாவற்றையும் எண்ணி 64 என்று அறிவித்துவிட்டார். பேசியவர் அதற்குப் பிறகு வரவே இல்லை.
*– வாசகர், கரூர்*

அது எண்ணக் கூடாத ஒன்று. 'வந்தேனுங்க', 'சொல்லுங்க' என்பதில் உள்ள 'ங்க' மரியாதை. நம் பக்கத்தில் அது இல்லாமல் பேசினால்தான் காதுக்கு உறுத்தும். அவரை நேரில் போய்ப் பார்த்து, எண்ணியது தவறு என்று சொல்லித் திரும்ப அழையுங்கள்.

எண்ண வேண்டியவை வேறு: 'ஆ...', 'ம்ம்...' என்ற இழுவைகள். பொருளில்லாமல் வரும் 'வந்து', 'அப்புறம்', 'பாத்தீங்கன்னா', 'என்னன்னா', 'சோ', 'ஆக்சுவலா'. தொடங்கிவிட்டு நிறுத்தி மறுபடி தொடங்கும் வாக்கியம். 'அவர் வந்து சேர்ந்தார்' என்பதில் உள்ள 'வந்து' வினை, அதை எண்ணாதீர்கள். 'இல்லீங்களா?' என்று கேட்டுவிட்டு அவையைப் பார்த்து ஒரு கணம் காத்திருந்தால் அது கேள்வி. காத்திராமல் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வந்தால் எண்ணுங்கள்.

பெயர்களைக் கீழ்நோக்கியும் சொற்களைக் குறுக்காகவும் எழுதிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், நான்கு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே போடும் கணக்கு வசதி. சில இடங்களில் ஒவ்வொரு 'ஆ'வுக்கும் மணி அடிக்கிறார்கள். நாங்கள் அதை ஆதரிப்பதில்லை. புதியவருக்கு மணிச் சத்தமே அடுத்த 'ஆ'வைக் கொண்டுவரும். அறிக்கையில் ஆளுக்கு ஒரு சொல் மட்டும், எங்கே வந்தது என்பதோடு சொல்லுங்கள். 'அப்புறம் ஒன்பது முறை, பெரும்பாலும் ஒரு கருத்திலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும் இடத்தில்' என்றால் அவருக்கு வழி தெரிந்துவிடும். மனம் அடுத்த வாக்கியத்தைத் தேடும்போது வாய் சும்மா இருக்கப் பயந்து இழுக்கிறது. தேடல் அதிகம் நடப்பது அந்தத் தாண்டும் இடங்களில்தான். ஆகவே பேச்சை மனப்பாடம் செய்யாதவர்களும் அந்த இணைப்பு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யட்டும். வாக்கியம் முடிந்ததும் உதட்டை மூடி மூச்சிழுப்பது அடுத்த மருந்து. வாய் மூடியிருந்தால் 'ஆ' வராது.

மேடையில் கொங்குத் தமிழில் பேசலாமா, செந்தமிழில்தான் பேச வேண்டுமா?
*– கல்லூரி மாணவர், சத்தியமங்கலம்*

தாராளமாகப் பேசலாம். ஈரோட்டில் பிறந்த பெரியார் தமிழ்நாடு முழுக்கப் பேசியது பேச்சுத் தமிழில்தான். இரண்டு நடையையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதைக்கும் உரையாடலுக்கும் வீட்டுப் பேச்சு, விளக்கத்துக்குப் பொதுத் தமிழ் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் எடுபடும். வெளியூர்க்காரர்கள் அவையில் இருந்தால் 'கோடு' (ஓரம்), 'ஒறம்பரை' (உறவினர்) போன்ற சொற்களைப் பொருள் விளங்கும் சூழலில் வையுங்கள். மொழியைக் கவனிப்பவர் பார்க்க வேண்டியது வாக்கியம் ஒழுங்காக முடிகிறதா, ஒருமை பன்மை பொருந்துகிறதா, ல, ள, ழ தெளிவாக ஒலிக்கிறதா என்பதை. வட்டார வழக்கைத் திருத்துவது அவர் வேலை இல்லை.

பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்தான் எங்கள் மன்றத்தில் அதிகம். முதல் மாதம் 25 பேர் வந்தார்கள், இப்போது எட்டுப் பேர். என்ன செய்யலாம்?
*– வாசகர், திருப்பூர்*

நாளையும் நேரத்தையும் முதலில் பாருங்கள். திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. அன்று மாலை கணக்கு முடித்து, மளிகை வாங்கி வீடு சேர நேரமாகிவிடும். ஞாயிறு காலைதான் பொருந்தும், அதுவும் மாதம் இரண்டு ஞாயிறு. ஷிப்மென்ட் நெருக்கடியில் ஞாயிறும் வேலை இருக்கும் என்பதால் நான்கு ஞாயிறு வைத்தால் தாங்காது. முகூர்த்த நாளைக் காலண்டரில் பார்த்துத் தவிருங்கள். ஈரோட்டுக்காரர்கள் பங்குனியில் பெரிய மாரியம்மன் பண்டிகை வாரத்தையும், சத்தியமங்கலம் பக்கத்தவர்கள் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) விழாவையும், கரூர்க்காரர்கள் வைகாசியில் மாரியம்மன் கோயில் விழாவையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் அந்த மாதம் சிறப்புக் கூட்டம் வைக்க வசதி.

ஆள் குறைவதற்கு அதைவிடப் பெரிய காரணம், பொறுப்பு இல்லாமல் வந்துபோவது. சும்மா உட்கார்ந்திருந்தவர் மூன்றாம் முறை வர மாட்டார். கல்விப் பொறுப்பாளர் அடுத்த நான்கு கூட்டங்களுக்கான பொறுப்புப் பட்டியலைப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வியாழக்கிழமை ஒவ்வொருவருக்கும் போன் செய்து உறுதி செய்ய வேண்டும். குழுவில் போட்ட செய்தி யாருக்கும் போட்டதாகாது, போன் செய்தால்தான் வருவார்கள். வர முடியாதவர் தன் இடத்துக்கு ஆளை அவரே தேடித் தர வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். பேச்சாளர் ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் பேச, தயாராக ஒருவரை எப்போதும் வைத்திருங்கள்.

புதியவரை எந்த வரிசையில் ஏற்றுவது என்பதிலும் தவறு நடக்கிறது. முதல் நாளே ஏழு நிமிடம் பேசச் சொல்லாதீர்கள். முதலில் ஒரு திடீர்ப் பேச்சு, அடுத்து டைமர், பிறகு 'ஆ' எண்ணுதல், அதன் பிறகு தன்னைப் பற்றிய முதல் பேச்சு. மூன்று பேச்சு முடிந்ததும் மதிப்பீடு. நெறியாளர் பொறுப்பு அதற்கும் பிறகு.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பில் சேர்ந்தேதான் ஆக வேண்டுமா? செலவு எவ்வளவு ஆகும்?
*– வாசகர், உடுமலைப்பேட்டை*

கட்டாயம் இல்லை. இந்த அமைப்பின் முதல் மன்றத்தை ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் தொடங்கினார். அந்த அமைப்பில் புதிய மன்றமாகப் பதிய 20 உறுப்பினர் வேண்டும். தலைவர், கல்வி, உறுப்பினர் சேர்க்கை, மக்கள் தொடர்பு ஆகியவற்றுக்கான மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், அரங்கப் பொறுப்பாளர் என்று ஏழு பொறுப்பாளர்கள் இருப்பார்கள். சந்தா டாலர் கணக்கில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. படிப்படியான பாடத்திட்டமும், மேல்நிலைப் போட்டிகளும், எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மன்றத்தில் விருந்தினராக உட்காரும் வசதியும் அதற்குக் கிடைக்கும். சொந்தமாக நடத்தினால் அரங்க வாடகை, தேநீர், அட்டை, சீட்டு அச்சடிப்பு அவ்வளவுதான். நூலகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ இடம் கேட்டால் வாடகையும் மிச்சம். பொன்னாடை, நினைவுப் பரிசு என்ற பழக்கத்தை உள்ளே விடாதீர்கள். பணத்தைவிட அது நேரத்தைத்தான் அதிகம் தின்னும்.

மன்றத்துக்குள் பேச்சுப் போட்டி வைக்கப்போகிறோம். நடுவர் தீர்ப்பில் சண்டை வராமல் இருக்க என்ன வழி?
*– வாசகி, சேலம்*

பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒரு போட்டியாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு நிமிட அமைதி விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது, நெறியாளரும்தான். கடிகாரத்தை இருவர் தனித்தனியே பார்க்கட்டும். நேரம் மீறியவரை நீக்குவது டைமர் குறிப்பின்படி நடக்கும், நடுவர் அதைப் பார்க்க மாட்டார். நடுவர்கள் பேசி முடிவெடுக்கக் கூடாது. ஆளுக்கொரு சீட்டில் முதல் மூன்று இடங்களை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க, முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று வாக்கு எண்ணுபவர்கள் கூட்டுவார்கள். சமநிலை வந்தால் திறப்பதற்கென்று, யார் என்று அறிவிக்காத ஒரு நடுவர் எல்லாப் போட்டியாளரையும் வரிசைப்படுத்தித் தனிச் சீட்டு கொடுத்திருப்பார். முடிவு அறிவித்ததும் சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள். யார் யாருக்கு எவ்வளவு போட்டார் என்பது வெளியே போகாத வரை அடுத்த ஆண்டும் நடுவராக வர ஆள் கிடைக்கும்.

வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களைச் சேர்த்து ஜூமில் கூட்டம் நடத்தலாமா?
*– வாசகர், நாமக்கல்*

நடத்தலாம், இரண்டு மணி நேரத்தை ஒன்றரையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். டைமர் தன் திரையின் பின்னணியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாற்றிக் காட்டுவார். பேச்சாளர் தொடங்கும் முன் டைமரின் கட்டத்தைத் தன் திரையில் நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விளக்கு கண்ணிலிருந்து காணாமல் போய்விடும். கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு முன்னால். நின்று பேசச் சொல்லுங்கள், குரல் மாறும். மற்ற எல்லோருடைய மைக்கையும் அணைத்துவைத்து, கைதட்டலுக்கு மட்டும் திறக்கச் சொல்வதற்கு அரங்கப் பொறுப்பாளர் தனியாக இருக்க வேண்டும்; நெறியாளரே அதையும் பார்த்தால் இரண்டும் கெடும். பாதிப் பேர் அரங்கிலும் பாதிப் பேர் திரையிலும் இருக்கும் கலப்புக் கூட்டமாக இருந்தால், அரங்கில் பேசுகிறவரின் சட்டையில் தனி மைக் மாட்டியாக வேண்டும். லேப்டாப் மைக் மின்விசிறிச் சத்தத்தைத்தான் முதலில் அனுப்பும்.